மகனுக்கு முதல் வண்டியாகப் பழைய பிக்கப்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அண்ணாச்சி, களக்காட்டுப் பக்கத்தில் ஐந்து ஏக்கரில் ஏத்தன் வாழையும் கோழிக்கூடு வாழையும் போட்டிருக்கிறேன். வெட்டு நாளில் வாழைத்தார் ஏற்றுவதற்கு வாடகை வண்டியைத்தான் நம்பி இருக்கிறேன். மகனுக்கு வருகிற ஆவணியில் 18 வயது நிறைகிறது. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே தோட்டத்தையும் கவனிக்கிறான். பைக் கேட்கிறான். அதற்குப் பதிலாக, தோட்டத்துக்கும் உதவட்டும் என்று பழைய பிக்கப் ஒன்றை அவனுடைய முதல் வண்டியாக வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். நான்கு லட்சம் வரை புரட்ட முடியும். குட்டி யானையா, தோஸ்தா, பொலிரோவா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த வண்டி என்ற கேள்விக்குப் போகுமுன் உங்கள் மகனுடைய வயதைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏனென்றால், இந்த இடத்தில்தான் நம் ஊர்த் தகப்பன்மார் பலர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கார் போன்ற வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட 18 வயதும், போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்லுகிறது. மஞ்சள் பலகை போட்ட பிக்கப், அளவில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் போக்குவரத்து வாகனமே. தார் எதுவும் ஏற்றாமல் காலியாகப் போனாலும் அது சரக்கு வண்டிதான்.

மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை ஓட்ட, கார் ஓட்டும் இலகுரக வாகன உரிமமே போதும், போக்குவரத்து வாகனத்துக்கென்று தனி அனுமதியான பேட்ஜ் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்புச் சொன்னது உண்மை. தரகர்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்லி, "பையன் பதினெட்டில் கார் லைசென்ஸ் எடுத்தால் போதும், மறுநாளே ஓட்டலாம்" என்பார்கள். அந்த வழக்கு உரிமத்தின் வகையைப் பற்றி எழுந்தது. 20 வயது என்ற வரி சட்டப் புத்தகத்தில் அப்படியே நிற்கிறது. விபத்து ஒன்று நடந்து, காப்பீட்டு நிறுவனம் அந்த வரியைக் காட்டி நீதிமன்றத்தில் நின்றால், வாதாட வேண்டியவர் நீங்கள்தான். ஐந்து ஏக்கர் வாழையை அந்த வாதத்தின் மேல் பணயம் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னும் 18 நிறையாத இந்த மாதங்களில் பக்கத்துத் தெரு வரைக்கும்கூடச் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019இல் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. வயலுக்குள் டிராக்டர் ஓட்டிப் பழகியவன்தானே என்று எண்ணிச் சாலையில் விட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் இப்போது வாங்குவதா, இரண்டு ஆண்டு பொறுப்பதா? தார் ஏற்றுவதற்கு உங்களுக்கே வண்டி தேவை என்றால் இப்போதே, உங்கள் பெயரில் வாங்குங்கள். நீங்கள் ஓட்டுங்கள், உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் வெட்டு நாளுக்கு மட்டும் ஓட்டுநர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மகன் பக்கத்து இருக்கையில் உட்காரட்டும். 18 நிறைந்தவுடன் எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமம் எடுத்து, 30 நாள் கழித்துத் தேர்வு கொடுத்து, பயிற்சிப் பள்ளியின் காரிலும் உறவினர் காரிலும் சாலையைப் பழகட்டும். பிக்கப்பின் கிளட்சையும் பின்னோக்கி எடுப்பதையும் உங்கள் தோட்டத்துக்குள்ளேயே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பழகலாம். வாழைக் கன்றுகளுக்கு இடையில் வண்டியைப் பின்னோக்கி எடுக்கப் பழகியவனுக்குச் சந்தையில் நிறுத்துவது பெரிய காரியமாக இருக்காது. மகனுக்காக மட்டும்தான் வாங்குகிறீர்கள் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிற்கிற வண்டிக்கும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் காப்பீடும் செலவு வைக்கும். டயரும் பேட்டரியும் நின்ற இடத்திலேயே கெடும்.

இனி வண்டியைப் பார்ப்போம். முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள். ஏத்தன் தார் ஒன்று 12 கிலோ என்று வைத்துக்கொண்டால் நூறு தார் 1,200 கிலோ. 2005இல் வந்த டாடா ஏஸ், நாம் குட்டி யானை என்று சொல்லும் வண்டி, ஏறத்தாழ முக்கால் டன்னுக்காகச் செய்யப்பட்டது. அதன் பழைய டீசல் எஞ்சினில் இரண்டே சிலிண்டர்கள். அதில் நூறு தார் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வண்டிதான் நான்கு ஆண்டு கழித்து நல்ல பெயிண்டோடு உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் 1.25 டன் வகை. மகேந்திரா பொலிரோ பிக்கப்பில் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின். அதிலேயே பல அளவுகள் உண்டு. வாங்கப் போகும் வண்டி எவ்வளவு தாங்கும் என்பதைத் தரகரிடம் கேட்க வேண்டாம். ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் மொத்த எடையும் காலி எடையும் அச்சிட்டிருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதுதான் அந்த வண்டியின் சுமை. அதற்கு மேல் ஏற்றினால் சட்டம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்லுகிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உங்கள் தேவைக்கு அந்த வரம்புக்குள் இருக்கும் வண்டியே போதும்.

உங்கள் மகனை மனத்தில் வைத்து ஒன்றைச் சேர்த்துச் சொல்லுகிறேன். குட்டி யானையில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு முன்னால் தகடும் விளக்கும் தவிர அதிகம் எதுவும் இல்லை. எஞ்சினை முன்னால் வைத்து, மூக்கு நீண்ட வண்டியில் மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் இடம் இருக்கிறது. நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் வரை நான்கு வழிச் சாலையில், பேருந்துகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே 20 வயதுப் பையன் போகப் போகிறான். எனக்கு அப்படி ஒரு மகன் இருந்தால், சற்று வயதான வண்டியானாலும் மூக்கு வைத்த பொலிரோவைத்தான் எடுத்துக் கொடுப்பேன். சந்தைக்கும் தோட்டத்துக்கும் இடையில் மட்டும் ஓடும் என்றால் தோஸ்தும் நல்ல வண்டிதான்.

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு பதிவான வண்டிகள் புகைக் கட்டுப்பாட்டு விதியில் பி.எஸ்.6 வகை. அவற்றில் புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பும் சென்சார்களும் அதிகம். பழுது வந்தால் கணினி வைத்துப் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். களக்காட்டிலோ ஏர்வாடியிலோ தெரிந்த மெக்கானிக்கை நம்பியிருக்கிற உங்களுக்கு 2017 முதல் 2019 வரை பதிவான பி.எஸ்.4 வண்டி கையாளச் சுலபம். ஆனால் சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். எஃப்.சி. முடியப் போகிற வண்டியை வாங்கினால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். நான்கு லட்சத்தில் மூன்றரைக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மிச்சத்தை டயருக்கும் பிரேக்குக்கும் பெயர் மாற்றத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பார்க்க விடிகாலையில், சொல்லாமல் போங்கள். எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகை நிறைய சொல்லும். நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடேறிய பின்னும் அடங்கவில்லை என்றால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அதன் மேலேயே தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. புகையோடு துள்ளி விழுந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்த எஞ்சின்.

இனி நான் சொல்லப் போவதை மெக்கானிக்குகளிலேயே பலர் கவனிப்பதில்லை. வண்டியின் பின்னால் குனிந்து, பின் அச்சின் மேல் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றோ இரண்டோ பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தால், மற்றப் பட்டைகளின் துருவும் இதன் துருவும் ஒத்துப்போகாது. பட்டைகளை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டின் மரை புதிதாகப் பளிச்சென்று இருக்கும். கூடுதல் பட்டை என்றால் அந்த வண்டி அளவுக்கு மேல் சுமந்த வண்டி என்பது ஒன்று. இன்னொன்று அதைவிட முக்கியமானது. பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் இடையே சிறிய கம்பி ஒன்று ஒரு வால்வோடு இணைந்திருக்கும். பாரம் ஏறிச் சேஸிஸ் தாழ்ந்தால் பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டுவதும், காலியாக இருந்தால் குறைப்பதும் அந்த வால்வின் வேலை. கூடுதல் பட்டை போட்ட வண்டி பாரம் ஏற்றினாலும் தாழாது. அப்போது வண்டி காலி என்றே வால்வு எடுத்துக்கொள்ளும். ஆயிரம் கிலோ வாழையோடு பிரேக்கை மிதிக்கும்போது பின் சக்கரம் பாதி வேலைதான் செய்யும். சில பட்டறைகளில் அந்தக் கம்பியையே கழற்றி, கம்பிச் சுருள் வைத்துக் கட்டியும் விடுகிறார்கள். அப்படி ஒரு வண்டியைப் பார்த்தால், மற்றது எல்லாம் தங்கமாக இருந்தாலும், உங்கள் மகனுக்கு அது வேண்டாம்.

பாடித் தரையில் புதுத் தகடு அடித்திருந்தால் அடியில் படுத்துப் பழைய தகட்டைப் பாருங்கள். சேஸிஸில் பற்றவைத்த ஒட்டுத் தகடு இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மீட்டரில் 60,000 கிலோமீட்டர் காட்டி, கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டரை நம்ப வேண்டாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். தரையைப் பிடிக்கும் பட்டன் தேயாமல் எவ்வளவு உயரமாக இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரைப் புது ஓட்டுநருக்குக் கொடுக்கக் கூடாது.

காகிதத்தைக் கடைசியாகச் சொன்னாலும் அதுதான் முதல் வேலை. சேஸிஸில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடன் மேல் வாங்கிய வண்டியானால், டியூ முடிந்ததற்கு நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் குறிப்பை நீக்குவதற்கான படிவம் 35உம் கையில் வந்த பிறகுதான் முழுப் பணம் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, பெயர் மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது.

கேள்வி: திசையன்விளையிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். மகனுக்கு 20 வயது முடிந்துவிட்டது. தவிடு, புண்ணாக்கு வியாபாரத்துக்கு ஒரு பிக்கப் கேட்கிறான். கடலோர ஊர் ஒன்றில் 2018ஆம் ஆண்டு வண்டி, மற்ற இடங்களைவிட எழுபதாயிரம் ரூபாய் குறைவாகச் சொல்லுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: அம்மா, அந்த எழுபதாயிரம் எதனால் குறைந்தது என்று தெரியும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். உவரி முதல் கூத்தங்குழி வரை உள்ள கரையிலும், தூத்துக்குடி உப்பளங்களிலும் ஓடிய வண்டிகள் வெளித் தோற்றத்தில் மோசமாகத் தெரியாது. மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பாடித் தரையின் இடுக்கு வழியாக இறங்கி, நேராகச் சேஸிஸின் மேல் விழுகிறது. ஆண்டுக்கணக்கில் அது நடந்த வண்டியில், பெயிண்டுக்கு அடியில் இரும்பு ஏடு ஏடாக உரிந்து வரும். மகனைச் சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்துப் போகச் சொல்லுங்கள். சேஸிஸைப் பின் அச்சின் மேல்பக்கத்தில் மெதுவாகத் தட்டிப் பார்க்கட்டும். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உப்பு தின்ற இரும்பு மொத்தென்று சொல்லிவிட்டுத் துகளை உதிர்க்கும். பிரேக் குழாய்கள் சேஸிஸை ஒட்டி ஓடும் இடத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே குழாய் பொரிந்திருந்தால், ஒரு நாள் மிதியை மிதிக்கும்போது அது வெடித்து, மிதி தரையைத் தொட்டுவிடும்.

நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு, திருநெல்வேலிச் சந்திப்பு முதல் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை வெள்ளம் நின்றது நினைவிருக்கும். அப்போது மூழ்கிய வண்டிகள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, சீட்டுத் துணி மாற்றி விற்ற வண்டிகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இதில் எனக்கே ஒரு முறை தவறு நேர்ந்தது. 2024 கோடையில் என் அக்காள் மகனுக்கு ஒரு வண்டி பார்க்கப் போனேன். எஞ்சின் நன்றாக ஓடியது, பிரேக் பிடித்தது, சேஸிஸில் குறை இல்லை. வாங்கச் சொல்லிவிட்டேன். ஐப்பசி மழை தொடங்கியதும், முகப்பு விளக்கு எரியும்போது வைப்பர் நிற்பதும், ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் மின்னுவதுமாக இருந்தது. கேபின் தரை விரிப்பைத் தூக்கி, ஒயர்களைச் சுற்றியிருந்த கறுப்பு உறையைப் பிளேடால் கீறிப் பார்த்தபோது, அதற்குள் மாவு போல மெல்லிய வண்டல் மண் படிந்து காய்ந்திருந்தது. ஆற்று வண்டல். விற்றவர் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் விரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பையன் இரவில் விளக்கில்லாமல் நடுவழியில் நின்ற நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. ஆகவே இருக்கைத் தண்டவாளத்தின் துரு, பியூஸ் பெட்டியின் மூலை, முகப்பு விளக்கின் உட்புறம், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் தெரியும் கறை ஆகிய நான்கையும் பாருங்கள். பெல்ட்டின் அடிப்பகுதியை யாரும் துவைப்பதில்லை. தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது அதில் கோடாகத் தெரியும்.

கேள்வி: செங்கோட்டைக்காரன். கேரளப் பதிவு எண் கொண்ட பிக்கப் ஒன்று மலிவாக வருகிறது. தம்பிக்கு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் மலிவு என்பதை முழுக் கணக்கும் போட்ட பிறகே சொல்ல வேண்டும். அங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று படிவம் 28இல் வேண்டும். அங்கே வரி பாக்கியோ அபராத பாக்கியோ இருந்தால் அது கிடைக்காது. இங்கே தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கும் வேற்று மாநில வண்டிக்குப் புதுப் பதிவு எண் வாங்குவது கட்டாயம். முன்பணம் கொடுக்குமுன் தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், வண்டியின் ஆண்டையும் எடையையும் சொல்லி, வரி எவ்வளவு வரும் என்று நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதையும் விலையோடு கூட்டிய பிறகு, தென்காசிப் பதிவான டி.என். 76 எண் கொண்ட வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலைச் சாலையில் ஓடிய வண்டி என்பதால் பிரேக் டிரம்மையும் கிளட்சையும் கழற்றிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 20 வயது. பணகுடியில் இருக்கிறேன். அப்பா எனக்குப் பழைய பொலிரோ பிக்கப் வாங்கிக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. கார் ஓட்டிப் பழக்கம் உண்டு. இதில் தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தம்பி, கேட்டதற்கு மகிழ்ச்சி. கார் ஓட்டிய பழக்கம் உனக்கு உதவும். சில இடங்களில் அதே பழக்கம் ஏமாற்றவும் செய்யும். பாரம் ஏற்றிய பிக்கப்பைக் கண்டு எல்லோரும் பயப்படுவார்கள். நான் உன்னைக் காலி வண்டியைக் கண்டு பயப்படச் சொல்லுகிறேன். உன் வண்டியின் பின் பட்டைகள் ஒரு டன்னுக்கு மேல் தாங்கச் செய்தவை. காலியாக ஓடும்போது அவை வளைந்து கொடுப்பதில்லை. பள்ளத்தில் விழுந்தால் பின்பக்கம் துள்ளுகிறது. துள்ளும் நேரத்தில் சக்கரத்துக்குத் தரையில் பிடி இல்லை. எஞ்சின் தள்ளுவதும் அந்தப் பின் சக்கரங்களைத்தான். முதல் மழை விழுந்து சாலையில் எண்ணெய்ப் பசை மிதக்கும் நேரத்தில், வளைவில் பிரேக்கை அழுத்தினால் பின்பக்கம் உன்னை முந்திக்கொண்டு வரப் பார்க்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடு. வளைவுக்குள் பிரேக்கைத் தொடாதே. ஆளில்லாத அகலமான இடத்தில், ஈரத் தரையில், 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முறை பிரேக் அடித்துப் பார். அந்த உணர்வு காலுக்குப் பழகட்டும்.

உன் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் இடையில் உன் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். தார்ப்பாய் கட்டிய காலி வண்டி பாய்மரம் போல ஆகிவிடும். பெரிய லாரி ஒன்றை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்றுவிடும். லாரியின் முகத்தைத் தாண்டிய கணத்தில் மறுபடியும் அறையும். அந்தக் கணத்துக்காக இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். காலியாகத் திரும்பும்போது தார்ப்பாயையும் அதன் வளைவுக் கம்பிகளையும் கழற்றிச் சுருட்டி வைத்துவிடு.

ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் பாரம் எடுத்துப் போக நேர்ந்தால், எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைப்பதும் உயிருக்கு ஆபத்து. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும். அதன் பிறகு எவ்வளவு பலமாக மிதித்தாலும் போதாது.

கடைசியாக, உன்னைச் சங்கடத்தில் மாட்டப் போகிற ஒன்றைச் சொல்லுகிறேன். வண்டி வந்த செய்தி தெரிந்தவுடன், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போக வேண்டும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போக வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஆச்சியும் சித்தியும் குழந்தைகளும் பின்னால் பாயை விரித்து உட்காரத் தயாராக இருப்பார்கள். சரக்கு வண்டியின் பின்புறம் ஏறிச் செல்லும் பயணிக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. ஒரு திருப்பத்தில் பத்துப் பேர் ஒரே பக்கம் சாய்ந்தால், மூட்டையைப் போல அவர்களைக் கயிற்றால் கட்டி வைக்கவும் முடியாது. பெரியவர்களிடம் முடியாது என்று சொல்லுவது உன் வயதில் கடினம் என்பது எனக்குத் தெரியும். அதனால் இதை இன்றைக்கே அப்பாவிடம் பேசி, அவர் வாயால் வீட்டில் சொல்லச் செய். பொங்கல் பானையையும் விறகையும் அரிசி மூட்டையையும் நீ வண்டியில் கொண்டுபோ; ஆட்களுக்கு வேன் பேசிக்கொள்ளட்டும்.